ஒரு வண்டி, பல வயது

பக்கங்களில் சன்னல் இல்லாமல், ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் முழுக்க இரும்புத் தகட்டால் மூடிய கூண்டும், பின்புறம் இரட்டைக் கதவும் கொண்ட சிறு சரக்கு வண்டியை அமெரிக்காவில் பேனல் டிரக் என்றார்கள். ரொட்டி, பூ, சலவைத் துணி, மருந்து என மழையில் நனையக் கூடாத எதையும் வாசல்வரை கொண்டு சேர்ப்பது அதன் வேலை. கடையின் பெயரை ஓவியர் கையால் எழுதிக் காட்ட அதன் அகன்ற பக்கங்களே விளம்பரப் பலகையாகவும் பயன்பட்டன. 1960களில் வேன்கள் வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டன. சரக்கு வண்டி என்பதால் இதைப் பொத்திப் பாதுகாத்தவர்கள் குறைவு. ஓடும்வரை ஓட்டினார்கள், கெட்டுப்போனதை அன்றைக்குக் கைக்குக் கிடைத்த பாகத்தால் மாற்றி, மறுநாள் காலையில் மீண்டும் சரக்கேற்றினார்கள். அதனால் இன்று நம்மிடம் வந்து சேரும் பேனல் டிரக், தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளின் உருவத்தில் இருப்பது மிகவும் அரிது.

நான் சீரமைத்துக்கொண்டிருப்பது செவ்ரோலெட் நிறுவனம் 1947ஆம் ஆண்டின் நடுவில் அறிமுகப்படுத்தி 1955 தொடக்கம்வரை தயாரித்த ‘அட்வான்ஸ் டிசைன்’ வரிசையைச் சேர்ந்த அரை டன் வண்டி. பானெட்டின் பக்கத்தில் 3100 என்ற எண்ணைத் தாங்கிய, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 116 அங்குலம் கொண்ட அதே சேசிஸ்தான் இதற்கும். அடையாளத் தகட்டின்படி இது 1949ஆம் ஆண்டு மாடல். ஆனால் 1949க்கு உரியவை என்று உறுதியாகச் சொல்லத்தக்கவை சேசிஸ், கூண்டு, இடப்பக்கக் கதவு, முன்கண்ணாடிச் சட்டம் ஆகியவை மட்டுமே. வலப்பக்கக் கதவு சில ஆண்டுகள் இளையது. எஞ்சின் அதைவிட இளையது. முன் பிரேக்குகளில் இடது ஒரு தலைமுறை, வலது இன்னொரு தலைமுறை. இடது முன் மட்கார்டு, வெகுகாலத்துக்குப் பின் யாரோ புதிதாக அச்சடித்து விற்ற மாற்றுப் பாகம். எரிபொருள் தொட்டியின் மிதவையோ வேறு எந்தக் காலத்தையோ சேர்ந்தது.

இப்படிப்பட்ட வண்டிக்கு வழக்கமாக இரண்டு தீர்வுகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, 1949ஆம் ஆண்டின் பாகப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒவ்வொன்றையும் கழற்றி எறிந்துவிட்டு, இருக்கும் பாகத்தைத் தேடிப் பிடிப்பது. மற்றொன்று, தோலை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே இன்றைய எஞ்சின், இன்றைய சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது. இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு வண்டியில் வெவ்வேறு ஆண்டுகளின் பாகங்கள் இருப்பதை நான் குறையாகக் கருதவில்லை. அந்தப் பாகங்கள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் யாரும் யோசிக்காமல் விட்டிருந்தால், அங்கேதான் குறை இருக்கிறது. எனவே ஒவ்வொரு சந்திப்பையும் தனித்தனியாக எடுத்து, இவை இரண்டும் சேர்ந்து வேலை செய்யுமா, செய்யாவிட்டால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்று கேட்பதே இந்தச் சீரமைப்பின் முழு வேலையாக ஆகிவிட்டது.

முதலில் வண்டியைப் படிக்க வேண்டும். செவ்ரோலெட்டின் ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் வார்ப்பின் தேதி இரும்பிலேயே புடைத்து நிற்கும்: மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, அடுத்து நாள், கடைசியில் ஆண்டின் இறுதி இலக்கம். என் எஞ்சினில் கிரீஸும் மண்ணும் சேர்ந்து கல்லாய் இறுகியிருந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் சுரண்டியபோது ‘கே’ என்ற எழுத்தும் 12, 6 என்ற எண்களும் தெரிந்தன. ‘கே’ வரிசையில் பதினோராவது எழுத்து. ஆக நவம்பர் 12. ஆண்டு 6 என்றால் 1946 ஆகவும் இருக்கலாம், 1956 ஆகவும் இருக்கலாம். அந்த ஐயத்தைத் தீர்த்தது எஞ்சினின் உச்சியில் வால்வுகளை மூடும் டேப்பட் கவர். 1949இல் இந்த வண்டிக்கு வந்த 216 கன அங்குல எஞ்சினில் அந்த மூடி உச்சியில் இரண்டு ஸ்டட்களால் இறுக்கப்பட்டிருக்கும். இதில் விளிம்பில் நான்கு திருகுகள் இருந்தன. பக்கவாட்டுப் புஷ் ராடு மூடியும் குட்டையாக இருந்தது. ஆகவே இது பிற்காலத்து 235 கன அங்குல எஞ்சின்.

வெளித் தகட்டையும் அப்படியே படிக்கலாம். மெல்லிய எமரித் தாளை நனைத்து ஒரு கைப்பிடி அகல இடத்தை மெதுவாகத் தேய்த்துக்கொண்டே போனால், பெயிண்ட் அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்களாக விரியும். கூண்டின் வலப்பக்கத்தில் மேலே மங்கிய வெள்ளை, அதன் கீழே ஒரு நீலம், அதன் கீழே சாம்பல் பிரைமரே இல்லாமல் நேராக அந்தக் காலத்து ஃபாரஸ்டர் பச்சை. வலக் கதவிலோ நீலத்துக்குக் கீழே பச்சை இல்லை, வெறும் சிவப்பு. அதாவது, வண்டிக்கு நீலம் அடிப்பதற்கு முன்பே அந்தக் கதவு வேறொரு சிவப்பு வண்டியிலிருந்து இங்கே வந்துவிட்டது. மாலையில் கைவிளக்கைத் தகட்டோடு ஒட்டினாற்போலப் பிடித்துப் பார்த்தபோது, வெள்ளைக்கு அடியில் பெரிய எழுத்துகளின் விளிம்புகள் மேடாகத் தெரிந்தன. ஓவியர் தடித்துப் பூசிய எண்ணெய்ப் பெயிண்ட் பின்னால் வந்த எந்த அடுக்காலும் முழுதாக மறைக்கப்படவில்லை. அது ஒரு சலவை நிலையத்தின் பெயர். இதைக் கண்ட பிறகு அந்தப் பக்கத்தை இரும்புவரை சுரண்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

இத்தனை ஆண்டுகளின் பாகங்கள் ஒரே வண்டியில் சேர முடிந்ததற்குக் காரணம், அந்த எட்டு ஆண்டுகளில் அடிப்படை வடிவம் பெரிதாக மாறவில்லை என்பதே. கதவு கதவின் இடத்தில் பொருந்தும், எஞ்சின் எஞ்சினின் இடத்தில் உட்காரும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. உட்கார்ந்துவிட்டது என்பதாலேயே பொருந்திவிட்டது என்று நினைத்து முன்பு வேலை பார்த்தவர்கள் போல்ட்டை இறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சிறு மாற்றங்கள் வடிவத்தில் தெரியாமல் உள்ளே ஒளிந்திருக்கின்றன. கதவில் முன் மூலையிலுள்ள முக்கோணக் காற்றுக் கண்ணாடி 1951இல் வந்தது; திருகிக் கீழே இறக்கும் கைப்பிடி போய் அழுத்தும் பொத்தான் கைப்பிடி 1952இல் வந்தது. இவை கண்ணுக்குத் தெரியும். பிரேக்கில் 1951இல் நடந்த மாற்றம், சக்கரத்தோடு சுழலும் இரும்பு உருளையான டிரம்மைக் கழற்றினால்தான் தெரியும்.

அந்த பிரேக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. 1950வரை இந்த வண்டிகளுக்கு ஹக் வகை பிரேக் வந்தது. 1951 முதல் பெண்டிக்ஸ் வகை. ஹக் வகையில், டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் இரண்டு ஷூக்களும் தனித்தனியே பின்களில் நங்கூரமிட்டு நிற்கும். பெண்டிக்ஸ் வகையில் இரண்டு ஷூக்களும் அடியில் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், சுழலும் டிரம் முதல் ஷூவை இழுக்க, அது இரண்டாவதை இன்னும் பலமாகத் தள்ள, மிதியில் கொடுத்த விசை டிரம்மில் பெருகிவிடும். ஒரே எண்ணெய் அழுத்தத்தில் இரண்டும் ஒரே அளவு பிடிக்காது. முன் ஆக்சிலில் ஒரு பக்கம் ஹக், மறுபக்கம் பெண்டிக்ஸ் என்றால் ஓங்கி மிதிக்கும்போது வண்டி பெண்டிக்ஸ் பக்கமாக இழுக்கும். ஈரச் சாலையில் அது ஸ்டீயரிங்கைக் கையிலிருந்து பிடுங்குவதற்குச் சமம். இடது ஷூக்களை எவ்வளவு சரிசெய்தாலும், புது வீல் சிலிண்டர் போட்டாலும் இந்த இழுப்பு போகாது, ஏனென்றால் அது தேய்மானத்தால் வந்ததல்ல.

இதிலிருந்து எனக்கென ஒரு விதியை வகுத்துக்கொண்டேன். ஒரே ஆக்சிலின் இரு முனைகளிலும் எதிரெதிராக வேலை செய்பவை அனைத்தும் ஒரே தலைமுறையைச் சேர்ந்தவையாக, ஒரே தேய்மானம் உள்ளவையாக இருந்தே தீர வேண்டும்: பிரேக் ஷூ, டிரம், ஸ்பிரிங் பட்டை, ஷாக் அப்சார்பர், டயர். இங்கே கலப்புக்கு இடமே இல்லை. எனவே நான்கு சக்கரங்களுக்கும் 1951க்குப் பிந்தைய பெண்டிக்ஸ் பின்தகடுகளையே தேடிப் பொருத்தினேன். டிரம்களை லேத்தில் கடையும்போது இடதும் வலதும் ஒரே உள்விட்டத்துக்கு வரும்வரை கடைய வேண்டும் என்று கடைசல்காரரிடம் எழுதியே கொடுத்தேன். ஒன்றில் பள்ளம் இல்லை என்பதற்காக அதைக் கொஞ்சமாகக் கடைந்து நிறுத்திவிட்டால், ஷூவின் வளைவு ஒரு பக்கம் முழுதாகப் படியும், மறுபக்கம் நுனியில் மட்டும் படியும்.

மிதியை அழுத்தும்போது பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரில் மட்டும் பழைமையை விட்டேன். தரைக்கு அடியில் இருந்த ஒற்றைச் சுற்று சிலிண்டரில் எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்காது. 1967வாக்கில் அமெரிக்கக் கார்களில் பொதுவாகிவிட்ட இரட்டைச் சுற்று முறையில் முன்னும் பின்னும் தனித்தனி. அப்படிப்பட்ட ஒரு சிலிண்டரை, சேசிஸில் புதுத் துளை எதுவும் போடாமல், ஏற்கெனவே உள்ள துளைகளில் இறுக்கும் ஒரு தாங்கித் தகட்டின்மேல் வைத்தேன். பழையதைத் துடைத்து, எண்ணெய் பூசி, சீட்டு கட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சாலையில் எதிரே வருபவர்களின் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் 1949க்கு உண்மையாக இருப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பதற்கு யாருக்கும் உரிமையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

எஞ்சின் கதை வேறு மாதிரி. பழைய 216இல், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகளின் பேரிங், ராடிலேயே உருக்கி ஊற்றிய பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவை. அவற்றுக்கு பம்ப் அழுத்தத்தில் எண்ணெய் போவதில்லை. சட்டியிலுள்ள சிறு தொட்டிகளிலிருந்து ராடின் அடிக் கரண்டி எண்ணெயை அள்ளிக்கொள்ளும், வேகம் கூடினால் குழல்கள் பீய்ச்சும் எண்ணெய் அந்தக் கரண்டியில் வந்து விழும். 1954 முதல் 235இல் ராடுகளுக்கும் கிராங்க் வழியாக முழு அழுத்தத்தில் எண்ணெய் போகிறது; தேய்ந்தால் கழற்றி மாற்றக்கூடிய பேரிங் ஓடுகள் உண்டு. வேலைக்குப் போன வண்டியில் 216 சோர்ந்துபோனபோது 235ஐ இறக்கியவர் அன்று மிக நல்ல முடிவையே எடுத்திருக்கிறார். அவரைப் போலப் பலரும் இதைச் செய்தார்கள். அதனால் அந்த எஞ்சினை வண்டியின் வரலாற்றில் ஒரு பகுதியாகவே ஏற்றுக்கொண்டேன், 216ஐத் தேடவில்லை.

ஆனால் அந்த எஞ்சின் மற்றவற்றைச் சந்தித்த இடங்களில் கோளாறு இருந்தது. சாவியைத் திருப்பிச் செல்ஃப் அடித்தால் சில சமயம் பிடிக்கும், சில சமயம் இரும்பை அரைக்கும் ஓசை கேட்கும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் பழையது, செல்ஃப் மோட்டார் பழைய 6 வோல்ட் காலத்தது, ஆனால் ஃபிளைவீல் எஞ்சினோடு வந்தது. 6 வோல்ட் காலத்து ஃபிளைவீலின் விளிம்பிலுள்ள பல்வளையமான ரிங் கியரில் 139 பற்கள். 12 வோல்ட் காலத்ததில் 168 பற்கள். எண்ணிப் பார்த்தால் இதில் 168. பருத்த பல்லுக்காகச் செய்த, செல்ஃப் மோட்டாரின் சிறு பல்சக்கரமான பினியன், பொடிப் பல்லில் ஏறி அமர முடியாமல் நுனிகளைக் கொறித்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, பற்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணியதே இதற்குத் தேவைப்பட்ட சோதனை. அதற்குமுன் இந்த வண்டியைப் பார்த்தவர்கள் மோட்டாரையே மாற்றி மாற்றிப் பார்த்திருந்தார்கள் என்பதை அதன் போல்ட் துளைகளின் தேய்மானம் சொன்னது. 139 பல் ஃபிளைவீல் ஒன்றைத் தேடிப் போட்டதும் ஓசை நின்றது.

தண்ணீர் பம்பும் பிற்கால எஞ்சினில் வேறு. பழைய ரேடியேட்டருக்கு நேராக விசிறி நிற்க வேண்டுமானால் பழைய பம்பையே ஒரு இடைத்தகடு வைத்துப் பொருத்த வேண்டும். அதற்கென்றே தகடு கிடைக்கிறது. எண்ணெய் அழுத்த மீட்டரைப் பார்த்ததும் எனக்கு வருத்தமே வந்தது. குறைந்த அழுத்தத்தில் ஓடும் 216க்காக அதன் முகப்பு சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டோடு முடிகிறது. முழு அழுத்த எஞ்சினைக் கிளப்பியதும் முள் கடைசிக் கோட்டையும் தாண்டித் தடுப்பில் முட்டி நின்றது. அழுத்தம் 35ஆ 50ஆ என்று ஓட்டுபவருக்குத் தெரியாது, பாதியாகக் குறைந்தாலும் உடனே தெரியாது. 60 பவுண்டுவரை காட்டும் பிற்கால மீட்டரின் உள்பகுதியை அதே சட்டத்தில் அமர்த்தினேன்.

எரிபொருள் மீட்டரின் முரண் இதைவிட நுட்பமானது. அந்தக் காலத்துச் செவ்ரோலெட் மீட்டர், தொட்டி காலியாக இருந்தால் 0 ஓம், நிறைந்திருந்தால் 30 ஓம் என்ற மின்தடையை எதிர்பார்க்கும். 1960களின் நடுவில் அதே குடும்பத்து வண்டிகளில் இது 0 முதல் 90 ஓமாக மாறியது. என் வண்டியில் மீட்டர் பழையது, தொட்டியின் மட்டத்தை மின்தடையாக மாற்றித் தரும் மிதவை புதியது. மூன்றில் ஒரு பங்கு இருக்கும்போதே மிதவை 30 ஓமைத் தொட்டுவிடுவதால் முள் ‘நிறைவு’ என்று காட்டிவிடும். அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் அசையாது. நிறைவு என்று நம்பிப் புறப்பட்டவர் கணக்கிட்ட தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு போனதுமே நின்றுவிடக்கூடும். இரண்டு பாகங்களும் பழுதில்லாதவை. தனித்தனியே சோதித்தால் இரண்டும் தேறிவிடும். சந்திப்பில் குறை என்று நான் சொல்வதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

மின்சாரத்தை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடச் சொன்னவர்கள் பலர். நான் 6 வோல்ட்டிலேயே நின்றேன். 35 வாட் விளக்கு 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும், 6 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர். மின்னோட்டம் இரட்டிப்பாவதால் கம்பியிலும் இணைப்பிலும் ஏற்படும் இழப்பும் கூடுகிறது. அரை வோல்ட் வழியில் தொலைந்தால் 12இல் அது சிறு பங்கு, 6இல் பன்னிரண்டில் ஒரு பங்கு. முன்பு யாரோ பேட்டரிக்கு 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கேபிளைப் போட்டிருந்தார்கள். தடித்த கேபிளைப் போட்டு, எர்த் கம்பி அமரும் இடங்களைப் பெயிண்டும் துருவும் இல்லாமல் பளிச்சென்று தேய்த்ததும், மங்கலாக எரிந்துகொண்டிருந்த விளக்குகள் தெளிந்தன. 6 வோல்ட் முறைமீது சுமத்தப்படும் பழியில் பெரும் பங்கு இந்த மெல்லிய கேபிளுக்கு உரியது.

இனி தகட்டு வேலை. பேனல் டிரக்கின் அழகும் தலைவலியும் அதன் நீண்ட, ஏறத்தாழத் தட்டையான பக்கங்கள்தான். வளைவு அதிகமுள்ள மட்கார்டு தன் வடிவத்தைத் தானே தாங்கிக்கொள்ளும். தட்டைத் தகடு அப்படியல்ல. கொஞ்சம் சூடு, கொஞ்சம் அடி பட்டால் போதும், அப்பளம் போலப் பொங்கிவிடும். துருவை நீக்க மணல் பீய்ச்சுவது எளிய வழி என்றாலும், மணல் துகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு சுத்தியலடியாக மேற்பரப்பை நீட்டிவிடுவதால் கூண்டின் பக்கங்களில் அதை நான் அனுமதிக்கவில்லை. சேசிஸுக்கும் சக்கரங்களுக்கும் மணல்; பக்கங்களுக்குக் கையால் தேய்ப்பு, மட்கார்டின் உள்பக்கங்களுக்கு இரசாயனம் என்று பிரித்துக்கொண்டேன்.

இடப்பக்கத்தின் அடி விளிம்பு முழுவதும் துருவால் சல்லடையாகியிருந்தது. அதற்கு மாற்றுத் தகடு அச்சடித்து விற்கிறார்கள். கையில் வந்ததை அளந்தால் கனம் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர், பழைய தகடு 1.2க்குச் சற்றும் குறையவில்லை. கனத்திலேயே வேறுபடும் இரண்டு தகடுகளை விளிம்போடு விளிம்பாக வெல்டிங் செய்தால், மெல்லியது முதலில் உருகி ஓட்டை விழும். எப்படியோ ஒட்டிவிட்டாலும் அந்தக் கோடு பெயிண்டின் வழியே தெரிய வரும். எனவே வாங்கிய துண்டை வார்ப்பு மாதிரியாக மட்டும் வைத்துக்கொண்டு, 1.2 மில்லிமீட்டர் தகட்டில் அதே மடிப்பை மடக்கி எடுத்தோம்.

ஒட்டு போடும் முறையைப் பற்றி டிங்கரிங் செய்பவர்களிடையே நீண்ட வாதம் உண்டு. பழைய தகட்டின்மேல் புதியதை ஏற்றி வெல்டிங் செய்வது எளிது, வேகமானது; ஆனால் இரண்டுக்கும் இடையிலுள்ள இடுக்கில் ஈரம் தங்கி, சில ஆண்டுகளில் அதே இடத்தில் மீண்டும் துரு கிளம்பும். விளிம்போடு விளிம்பு சேர்ப்பதே நிலைக்கும். அதற்கு மூலைகளை வளைவாக வெட்ட வேண்டும், கூர் மூலையில் இழுவிசை குவியும். இரண்டு தகட்டுக்கும் இடையே ஒரே சீரான மெல்லிய இடைவெளி வேண்டும். ஒரு புள்ளி வைத்த பின் அடுத்த புள்ளியைக் கை நீளத்துக்கு அப்பால் வைத்து, முதல் இடம் வெறுங்கையால் தொடுமளவு ஆறிய பிறகே அங்கே திரும்ப வேண்டும். வெல்டிங் ஆறும்போது சுருங்கித் தன்னைச் சுற்றியுள்ள தகட்டை இழுக்கும். அந்தச் சுருக்கத்தை, பின்னால் டாலி என்ற இரும்புக் கட்டையைக் கொடுத்து முன்னால் சுத்தியலால் தட்டி, புள்ளிப் புள்ளியாக நீட்டித் திருப்பித் தர வேண்டும். இப்படிச் செய்தால் பட்டி ஒரு பூச்சு அளவே தேவைப்படும். முன்பு செய்த ஒட்டை நாங்கள் பிரித்தபோது விரல் கனத்துக்குப் பட்டி அடைத்திருந்தது.

கதவுகளைத் தொங்கவிட்ட நிலையில்தான் கதவடிச் சட்டத்தை வெல்டிங் செய்ய வேண்டும். வண்டி தன் சக்கரங்களில் தரையில் நிற்க வேண்டும். கூண்டு அதன் ரப்பர் மெத்தைகளின்மேல் போல்ட் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஜாக்கியில் தூக்கி வைத்துச் சட்டத்தை மாற்றினால், இறக்கிய பிறகு கதவின் இடைவெளி மேலே அகன்று கீழே இறுகியிருக்கும், அதைப் பிறகு எந்தக் கீல் மாற்றத்தாலும் சரிசெய்ய முடியாது. புதிதாக அச்சடித்த இடது மட்கார்டில் போல்ட் துளைகள் பழைய கூண்டின் துளைகளோடு நேராக வரவில்லை. இங்கே நான் மாறாமல் கடைப்பிடித்தது ஒன்று: பழைய இரும்பில் துளையைப் பெரிதாக்குவது கூடாது, விட்டுக்கொடுக்க வேண்டியது புதிதாக வந்ததே. மட்கார்டின் துளையை ஈயம்பூசிய தகட்டால் அடைத்து, சரியான இடத்தில் புதிதாகப் போட்டோம்.

போல்ட்டுகளில்கூட இந்தக் கலப்பு புகுந்திருந்தது. அங்குல அளவில் 3/8 போல்ட் என்பது 9.525 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட மில்லிமீட்டர் அளவு போல்ட்டான எம் 10 தான். கரடான 3/8 மரையில் ஓர் அங்குலத்துக்கு 16 சுற்று, அதாவது சுற்றுக்கு 1.5875 மில்லிமீட்டர், எம் 10 போல்ட்டில் 1.5. 3/8 போல்ட்டை எம் 10 நட்டில் விட்டால் முதல் சில சுற்றுகள் தாராளமாகப் போகும், பிறகு பிடிக்கும். பிடிக்கும் அந்தக் கணத்தில் ஸ்பேனரை இன்னும் அழுத்தினால் இறுகிவிட்டதுபோல் தோன்றும். உண்மையில் மரைகளை வழித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். பின் ஸ்பிரிங் பட்டையின் தாங்கியில் அப்படி ஒரு நட்டு இருந்தது. ஒவ்வொரு நட்டையும் விரலாலேயே கடைசிவரை திருகிப் பார்த்து, விரலுக்கு வராததை எல்லாம் ஒதுக்கினேன்.

கண்ணாடி எளிதாக முடிந்தது. 1953வரை முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள். படலம் வைத்த பாதுகாப்புக் கண்ணாடியை அட்டை மாதிரி வைத்து வெட்டி வாங்கிவிடலாம். ரப்பர் பீடிங் புதிதாகவே வாங்க வேண்டும், அதில் பேச ஒன்றுமில்லை. சரக்குப் பகுதியின் தரைக்குப் பலகைகள் புதியவை. அவற்றை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பட்டைகள் பழையவை, துரு நீக்கியதும் நிமிர்த்திப் போட்டோம்.

தொன்மை வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபீவா, 2013 ஜனவரியில் டூரின் சாசனம் என்ற வழிகாட்டியை ஏற்றுக்கொண்டது. மாற்றங்கள் திரும்பப் பெறக்கூடியவையாக இருக்க வேண்டும், கழற்றிய முக்கியப் பாகங்களை வண்டியோடு வைத்திருக்க வேண்டும், புதிதாகச் செய்த பாகங்கள் பின்னால் வருபவருக்கு அடையாளம் தெரியும்படி குறியிடப்பட வேண்டும் என்ற அதன் கருத்துகள் எனக்கு மிகப் பிடித்தவை. நான் வைத்த ஒவ்வொரு தகட்டின் உள்பக்கத்திலும் எழுத்தச்சு உளியால் ஆண்டைக் குத்தியிருக்கிறேன். எந்தப் பாகம் எந்த ஆண்டினது, எதோடு சேர எது மாற்றப்பட்டது என்ற குறிப்பேடும் வண்டியிலேயே இருக்கும்.

வலக் கதவை மாற்றச் சொல்லாதவர்கள் இல்லை. இடக் கதவில் முக்கோணக் கண்ணாடி இல்லை, திருகும் கைப்பிடி. வலக் கதவில் முக்கோணக் கண்ணாடி உண்டு, அழுத்தும் பொத்தான். கதவு சரியாக மூடுகிறது, பூட்டு பிடிக்கிறது, கீல் தேயவில்லை. எந்தச் சந்திப்பிலும் அது குறை வைக்கவில்லை என்பதால் அது அங்கேயே இருக்கும். வலப்பக்கத்தின் வெள்ளையையும் நீலத்தையும் கையால் நீக்கி, எழுத்துகளோடு கூடிய பழைய பச்சையை வெளியே கொண்டுவந்து, அதன்மேல் மெழுகு மட்டும் பூசினேன். ஒட்டு போட்ட இடப்பக்கத்துக்கு அதே பச்சையைப் புதிதாக அடித்தோம். அந்தப் பக்கத்திலும் சலவை நிலையத்தின் பெயரை அதேபோல் எழுதிவிடலாம் என்றார் பெயிண்டர். வேண்டாம் என்றேன். வலப்பக்கத்தில் இருப்பது அந்த நாளில் அந்த ஓவியரின் கை எழுதியது; இடப்பக்கத்தில் நாம் எழுதினால் அது பார்ப்பவரை ஏமாற்றும்.

இப்போது வண்டி ஓடுகிறது. பின் ஆக்சிலில் இருந்த 4.11 விகித (தண்டு 4.11 சுற்று சுழன்றால் சக்கரம் ஒரு சுற்று) பல்சக்கரச் சோடி தேய்ந்து முனகியதால், மூடிய குழாய்க்குள் சுழலும் அந்தக் காலத்துத் தண்டுக்கெனவே இன்று புதிதாகச் செய்து தரப்படும் 3.55 சோடியைப் போட்டேன். அதே வேகத்தில் எஞ்சின் சுழற்சி ஏறத்தாழ 14 சதவீதம் குறைந்துவிட்டது, 235க்கு அந்தச் சுமை பொருட்டே இல்லை. ஆனால் வேக மீட்டர் கியர் பாக்ஸின் பின்முனையிலிருந்து ஓட்டம் பெறுவதால், அது இன்னும் 4.11 என்றே கணக்கிடுகிறது: முள் 40 மைலைக் காட்டும்போது வண்டி 46 மைலில் போய்க்கொண்டிருக்கிறது. கேபிளுக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையில் சுழற்சியை அந்த விகிதத்துக்குக் கூட்டித் தரும் சிறு பல்சக்கரப் பெட்டியைத் திருகிவிட்டால் போதும், துளை எதுவும் போட வேண்டியதில்லை. அதைச் சொல்லிவைத்திருக்கிறேன். வந்து பொருத்தும்வரை, 46 என்ற எண்ணை எழுதிய ஒரு துண்டுக் காகிதம் மீட்டர் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும்.